நிலத்தோடு வந்த நீதி: கிளாமிஸ் பரோனியின் வரலாறு

ஷேக்ஸ்பியர் எழுதிய மக்பெத் நாடகத்தைப் பள்ளியிற் படித்தோர்க்குக் கிளாமிஸ் என்னும் பெயர் புதியதன்று. நாடகத்தின் தொடக்கத்திலே சூனியக்காரியர் மூவர் மக்பெத்தை எதிர்கொள்கின்றனர். அவர்களுள் முதலாமவள் அவனைக் கிளாமிஸின் தேன் என்று விளிக்கின்றாள். தேன் என்றவுடன் நம் மொழியின் இனிய பொருளை நினைத்தல் வேண்டா. அரசனுக்குரிய நிலத்தை அவன் சார்பில் மேற்பார்த்து, அதன் வருவாயைத் திரட்டி ஒப்படைக்கும் தலைவனுக்குப் பழைய ஸ்கொத்லாந்தில் வழங்கிய பட்டம் அது.

கிளாமிஸ் கற்பனை ஊரன்று. ஸ்கொத்லாந்தின் கிழக்குப் பகுதியில், டண்டி துறைமுகத்துக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தொலைவில், அங்கஸ் மாவட்டத்தின் செழித்த பள்ளத்தாக்கிலே அது இருக்கின்றது. எழுத்திற் கிளாமிஸ் என்றிருந்தாலும் அவ்வூரார் அதனைக் கிளாம்ஸ் என்றே ஒலிப்பர். வரலாற்றில் வாழ்ந்த மக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்கொத்லாந்தை ஆண்டவன். வடக்கே மொரே நாட்டின் தலைவனாயிருந்தவன். அவன் கிளாமிஸை உடைமையாகக் கொண்டிருந்தான் என்பதற்குச் சான்றில்லை. இன்று அங்கே நிற்கும் கோட்டையும் அவன் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. ஆகவே நாடகத்தை இங்கே நிறுத்திவிட்டு, அந்நிலத்தின் உண்மை வரலாற்றைச் சிறிது பார்ப்போம். அவ்வரலாறு ஒரு குடும்பத்தின் கதை மாத்திரமன்று. நீதி வழங்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற பெரிய வினாவும் அதனுள்ளே அடங்கியிருக்கின்றது.

முதலிலே பரோனி என்பது யாது என்று தெளிந்துகொள்ளல் வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னன் காலத்திலே நிலமானிய முறை ஸ்கொத்லாந்தில் வேரூன்றியது. நிலம் முழுவதும் அடிப்படையில் மன்னனுடையது. அவனுக்குப் போர்ப்பணியோ வேறு கடமையோ செய்யும் பிரபுக்கள் அவனிடமிருந்து அதனைப் பெறுவர். பிரபுக்களிடமிருந்து மற்றவர்கள் பெறுவர். இதுவே அம்முறையின் சுருக்கம். இவ்வாறு வழங்கிய நிலங்களுட் சிலவற்றை மன்னன் தன் சாசனத்திலே சுதந்திர பரோனி என்று குறித்தான். அச்சொல்லினால் நிலத்தோடு வேறொன்றும் கைமாறியது. அந்நிலத்தில் வாழ்வோர்மீது நீதி செலுத்தும் உரிமையே அது.

அவ்வுரிமையைப் பழைய சாசனங்கள் இலத்தீன் மொழியில் இரு சொற்களாற் குறிப்பிட்டன. அவற்றின் பொருள் தூக்குமரமும் குழியும் என்பதாகும். ஆண்களைத் தூக்கிலிடுவதற்கு மரம். பெண்களை நீரில் அமிழ்த்துவதற்குக் குழி. கொலை, கொள்ளை, தீவைப்பு, கற்பழிப்பு ஆகிய நான்கு பெருங்குற்றங்களும் மன்னனுடைய நீதிமன்றத்துக்கு உரியவை. எனினும் கையுங் களவுமாகப் பிடிபட்ட திருடனையும், குருதி உலராத கையோடு அகப்பட்ட கொலையாளியையும் பரோன் தன் மன்றத்திலேயே விசாரித்து மரணதண்டனை விதிக்கக்கூடியவனாயிருந்தான்.

அன்றாட வாழ்விலே பரோனின் மன்றம் தூக்குமரத்தைப் பெரிதும் நாடவில்லை. அயலவன் பயிரில் மாடு புகுந்தது, விறகுக்குப் பதிலாக எரிக்கும் கரிமண்ணை முறைமீறி வெட்டியது, சந்தையிலே இருவர் கைகலந்தது, குத்தகை நிலுவையில் நின்றது ஆகிய வழக்குகளே மிகுதி. ஊரி என்னும் பரோனியில் 1604 முதல் 1747 வரையும், ஸ்டிச்சில் என்னும் பரோனியில் 1655 முதல் 1807 வரையும் எழுதப்பட்ட மன்றப் பதிவேடுகள் பின்னர் அச்சாகியுள்ளன. அவற்றைப் புரட்டுவோர் அரண்மனைச் செய்திகளைக் காணமாட்டார்கள். உழவரின் வீட்டு வாயிலையும் வயல் வரம்பையுமே காண்பார்கள். குடியானவர் பரோனின் ஆலையிலேயே தம் தானியத்தை அரைத்தல் வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கை ஆலைக்கு விடுதல் வேண்டும். வேறிடத்தில் அரைத்தவர் அம்மன்றத்திலே விடை கூறவேண்டியிருந்தது.

அம்மன்றத்தைப் பரோனின் பேரால் நடத்தியவர் பெய்லி என்னும் அதிகாரி. அவரை நியமித்தவர் பரோன். மன்றத்துக்கு வந்து அமரவேண்டியோர் பரோனின் குடியானவர். விதிக்கப்பட்ட தண்டப்பணம் சென்று சேர்வதும் பரோனின் பெட்டிக்கே. குத்தகை வழக்கிலோ, ஆலை வழக்கிலோ, வழக்காளி பரோன். நீதிபதி பரோனின் ஆள். தண்டத்தால் ஊதியம் பெறுபவனும் பரோன். நேயர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். கிளாமிஸின் வரலாற்றிலே இதே முடிச்சு வேறொரு வடிவத்தில் மீண்டும் வரக் காண்போம்.

கிளாமிஸ் நெடுங்காலம் அரச நிலமாயிருந்தது. இரண்டாம் மால்கம் மன்னன் 1034-ஆம் ஆண்டில் அங்கே உயிர்துறந்தான் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. 1372-ஆம் ஆண்டில் இரண்டாம் ரொபேட் மன்னன் அந்நிலத்தைச் சேர் ஜோன் லயன் என்பவருக்கு வழங்கினான். லயன் மன்னனுடைய நம்பிக்கைக்குரிய ஊழியர். சில ஆண்டுகளில் மன்னன் மகள் ஜோவன்னாவை மணந்தார். அரசின் வருவாயைப் பொறுப்பேற்கும் பெரும்பதவியும் பெற்றார். விரைந்து வந்த உயர்வு பகையையும் அழைத்து வந்தது. 1382-ஆம் ஆண்டில், குரோபோர்ட் பிரபுக்களான லின்ட்சே குடும்பத்தைச் சேர்ந்த சேர் ஜேம்ஸ் லின்ட்சே அவரைக் கொன்றார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின், 1578-ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்தின் அதிபதி நீதிமான் என்னும் உயர்பதவியை வகித்த எட்டாவது கிளாமிஸ் பிரபு ஸ்டர்லிங் நகரத் தெருவிலே உயிரிழந்தபோதும், கலவரத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் அதே லின்ட்சே குடும்பத்தின் ஆட்களே.

லயன் குடும்பத்தின் தலைவர் 1445-ஆம் ஆண்டிற் கிளாமிஸ் பிரபு என்னும் பட்டம் பெற்றார். 1491-ஆம் ஆண்டில் நான்காம் ஜேம்ஸ் மன்னன் ஊரைப் பரோனிக்குட்பட்ட நகராக உயர்த்தினான். வணிகமும் சந்தையும் அதனாற் பெருகின. இவ்வாறு நிலம், பட்டம், மன்றம், சந்தை ஆகிய நான்கும் ஒரு குடும்பத்தின் கையில் ஒன்றுசேர்ந்தன. பிறர்மீது தீர்ப்புக் கூறும் குடும்பம் அது. அக்குடும்பத்தின்மீதே ஒருநாள் தீர்ப்பு இறங்கிற்று.

ஆறாவது கிளாமிஸ் பிரபுவின் மனைவி ஜெனட் டக்ளஸ். அவளுடைய உடன்பிறந்தான் அங்கஸ் ஏர்ல். அவன் மன்னன் ஐந்தாம் ஜேம்ஸின் தாயை மறுமணம் செய்தவன். மன்னன் சிறுவனாயிருந்த காலத்தில் அவனைத் தன் காவலில் வைத்துக்கொண்டு நாட்டை நடத்தியவனும் அவனே. 1528-ஆம் ஆண்டில், தன் பதினாறாம் வயதிலே, மன்னன் அக்காவலினின்றும் தப்பினான். அன்றுமுதல் டக்ளஸ் என்ற பெயரையே அவன் வெறுத்தான். அங்கஸ் ஏர்ல் நாட்டை விட்டோடினான். அவன் தங்கையோ ஓடவில்லை.

அதே 1528-ஆம் ஆண்டிற் கிளாமிஸ் பிரபு இறந்தார். சில ஆண்டுகள் கழிய, 1532-ஆம் ஆண்டில், கணவனை நஞ்சூட்டிக் கொன்றாள் என்று ஜெனட்டின்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. யூரர்களாக அமருமாறு அழைக்கப்பட்ட நிலக்கிழார் பலர் மன்றத்துக்கு வராது ஒதுங்கினர். வராதவர்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. எனினும் வழக்கு நிறைவேறாது நின்றது. அரசனுடைய விருப்பத்தை எதிர்த்துப் பேச அவர்களாற் கூடவில்லை. அவ்விருப்பத்துக்குத் துணைபோகவும் மனம் ஒப்பவில்லை. வாய் திறவாமலே அவர்கள் ஒரு விடை கூறினர் என்று கொள்ளலாம்.

ஐந்தாண்டுகளின் பின் வேறொரு குற்றச்சாட்டு எழுந்தது. மன்னனையே நஞ்சிட்டுக் கொல்ல முயன்றாள் என்பது அது. இம்முறை வழக்கு நடந்தது. 1537-ஆம் ஆண்டு யூலை 17-ஆம் திகதி, எடின்பரோக் கோட்டையின் முன்னுள்ள மேட்டில், ஜெனட் டக்ளஸ் உயிரோடு எரிக்கப்பட்டாள். அவள் சூனியக்காரியாதலின் எரிக்கப்பட்டாள் என்று பிற்காலத்தார் கதை கட்டினர். அது பிழை, அவள்மீது சுமத்தப்பட்ட குற்றம் இராசத்துரோகமே. அவளுடைய இரண்டாம் கணவர் கோட்டைச் சிறையிலிருந்து தப்ப முயன்று பாறையில் வீழ்ந்து மாண்டார். இளைஞனான அவள் மகன், ஏழாவது கிளாமிஸ் பிரபு, மரணதண்டனை விதிக்கப்பட்டும், வயது நிரம்பாமையால் உயிர்தப்பிச் சிறையில் இருந்தான்.

கிளாமிஸ் யாது ஆயிற்று? துரோகியின் உடைமை மன்னனைச் சாரும் என்பது சட்டம். மன்னன் அதனைக் கையகப்படுத்தினான். கையகப்படுத்தியதோடு நில்லாது, கிளாமிஸ் கோட்டையிலே வந்து தங்கித் தன் அரசவையையும் அங்கே கூட்டினான். குற்றஞ் சாட்டியது மன்னனின் தரப்பு. தீர்ப்பளித்தது மன்னனின் மன்றம். தீர்ப்பினாற் கோட்டை பெற்றவனும் மன்னன். சற்றுமுன் பரோனின் சிறிய மன்றத்திற் கண்ட முடிச்சு இங்கே நாட்டளவுக்குப் பெருத்து நிற்கின்றதன்றோ? ஆலைக் கூலிக்காகக் குடியானவனைத் தண்டித்த பரோனுக்கும், கோட்டைக்கு உடையவளைத் தீயிலிட்ட மன்னனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவிலே இருந்தது, முறையிலே இருக்கவில்லை.

1542-ஆம் ஆண்டு திசெம்பரில் ஐந்தாம் ஜேம்ஸ் இறந்தான். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் கிளாமிஸின் இளைய பிரபுவுக்கு அவனுடைய உரிமைகளை மீட்டளித்தது. நிலம் திரும்பியது, தாய் திரும்பவில்லை.

அடுத்த நூற்றாண்டிற் குடும்பம் மேலும் உயர்ந்தது. 1606-ஆம் ஆண்டிற் கிங்கோர்ன் ஏர்ல் என்னும் பட்டம் வந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இரண்டாவது ஏர்ல் பெருஞ்செலவு செய்து கடனில் மூழ்கினார். அவர் மகன் பற்றிக் சிறுகுழந்தையாயிருந்தபோதே கடன்சுமையோடு பரோனியையும் பெற்றார். அவர் வளர்ந்து, சிக்கனமாக வாழ்ந்து, கடன்களைச் சிறிது சிறிதாகத் தீர்த்து, பாழடைந்திருந்த கோட்டையையும் புதுப்பித்தார். தம் வரவு செலவையும் கட்டட வேலைகளையும் தாமே ஓர் ஏட்டிற் குறித்து வைத்தார்; அவ்வேடு 1890-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. 1677-ஆம் ஆண்டிற் குடும்பப் பட்டம் ஸ்திராத்மோர், கிங்கோர்ன் ஏர்ல் என விரிந்தது. கிளாமிஸை உடையோருட் பொறுமையாற் புகழ் பெற்றவர் இவர்.

இவருடைய பேரன் ஐந்தாவது ஏர்ல், 1715-ஆம் ஆண்டு ஸ்டூவட் இளவரசனின் பக்கம் நின்று, ஷெரிப்மூர் போர்க்களத்தில் வீழ்ந்தார். அவருக்குப்பின் தம்பி சார்ல்ஸ் ஆறாவது ஏர்ல் ஆனார். இவருடைய மரணமே ஸ்கொத்லாந்தின் நீதி வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது.

1728-ஆம் ஆண்டு மே 9-ஆம் திகதி. கிளாமிஸுக்கு அண்மையிலுள்ள போர்பார் நகரிலே ஒரு சிறுமியின் நல்லடக்கத்துக்கு அயற்பிரபுக்கள் கூடினர். அடக்கம் முடிந்தபின் அக்கால வழக்கப்படி மதுவருந்தினர். பின்ஹேவன் கிழாரான ஜேம்ஸ் கார்னெகி என்பவரை, லயன் குடும்பத்தின் உறவினர் ஒருவர் இடைவிடாது ஏளனஞ் செய்தார். முடிவிலே தெருவோரச் சேற்றுக் கானுக்குள் அவரைத் தள்ளியும் விட்டார். உடலெல்லாம் சேறு வழிய எழுந்த கார்னெகி வாளை உருவிக்கொண்டு தம்மைத் தள்ளியவர்மீது பாய்ந்தார். ஏர்ல் இடையே புகுந்தார். பகைவருக்கென நீண்ட வாள் அவர் உடலை ஊடுருவிற்று. இரு நாட்களில் அவர் உயிர்நீத்தார்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் எடின்பரோவிலே கார்னெகியின் வழக்கு நடந்தது. அக்காலத்திலே யூரர்களின் பணி சுருங்கியிருந்தது. குறித்த செயல் நிகழ்ந்தது என்பது நிறுவப்பட்டதா, நிறுவப்படவில்லையா என்று மாத்திரமே அவர்கள் கூறுவர். அதிலிருந்து குற்றவாளியா அல்லவா என்பதை முடிவுசெய்வோர் நீதிபதிகள். கார்னெகியின் வாள் ஏர்லைக் குத்தியதை ஊரே கண்டது. செயல் நிறுவப்பட்டது என்று யூரர் கூறினால், அடுத்துத் தூக்குமரந்தான். அவருக்காக வாதாடிய அர்னிஸ்டன் ரொபேட் டண்டாஸ், யூரர்களை நோக்கி, வாள் பட்டதா என்பதை மட்டும் பார்த்து அமைதல் உங்கள் கடமையன்று. இம்மனிதர் குற்றவாளியா அல்லரா என்ற முழு வினாவுக்கும் விடை கூறும் பழைய உரிமை உங்களுக்கு உண்டு என்னும் கருத்துப்பட வற்புறுத்தினார். யூரர் பதினைவரும் கலந்து, பெரும்பான்மையாற் குற்றவாளி அல்லர் என்று தீர்த்தனர்.

மாண்டவர் நாட்டின் பெரும்பிரபுக்களுள் ஒருவர். அவருடைய குலமோ செல்வாக்கு மிக்கது. எனினும் அவருடைய உயிருக்கு மற்றோர் உயிரை வாங்கவேண்டும் என்று அப்பதினைவரும் எண்ணவில்லை. அன்றிலிருந்து ஸ்கொத்லாந்து யூரர்களுக்குக் குற்றவாளி அல்லர் என்று கூறும் உரிமை உறுதிப்பட்டது. நிறுவப்படவில்லை என்ற பழைய தீர்ப்பும் அதன் அருகிலே மூன்றாவதொரு தீர்ப்பாக நீடித்தது. அதனை ஒழிக்கும் சட்டத்தை ஸ்கொத்லாந்து நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டிலேயே இயற்றியது. 1532-ஆம் ஆண்டில் வராது நின்று விடை கூறிய யூரர்களையும், 1728-ஆம் ஆண்டில் வந்தமர்ந்து விடை கூறிய யூரர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வழக்கினால் ஊதியம் பெறாத குடிமக்கள் என்பது இரு சாராருக்கும் பொதுவான தகுதி.

இனிப் பரோனின் மன்றத்துக்கு வருவோம். 1707-ஆம் ஆண்டு இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் ஒன்றியபோது செய்துகொண்ட உடன்படிக்கையின் இருபதாம் பிரிவு, பரம்பரை நீதியுரிமைகளைச் சொத்துரிமையாகவே கருதிக் காப்பாற்றிற்று. நீதி வழங்குதல், வயலைப்போலவும் வீட்டைப்போலவும் தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் சொத்து! 1745-ஆம் ஆண்டின் ஸ்டூவட் எழுச்சியும் 1746-ஆம் ஆண்டு கலோடன் தோல்வியும் இந்நிலையை மாற்றின. குடிகள்மீது பிரபுக்களுக்கிருந்த பிடியைத் தளர்த்த எண்ணிய அரசு, 1747-ஆம் ஆண்டிற் பரம்பரை நீதியுரிமைகளை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. சொத்தாகையால் விலை கொடுக்கவும் நேர்ந்தது: நாடு முழுவதும் பெரிய உரிமைகளை இழந்தோருக்கு ஏறத்தாழ 152,000 பவுண் நட்டஈடாக வழங்கப்பட்டது, அதில் ஆகைல் கோமகன் ஒருவர் மாத்திரம் 21,000 பவுண் பெற்றார்.

பரோன்களின் மன்றங்கள் அடியோடு மூடப்படவில்லை. நாற்பது சிலிங்குக்கு மேற்படாத பணவழக்குகளும், குத்தகை அறவிடும் உரிமையும் எஞ்சின. சிறு கைகலப்புக்கு இருபது சிலிங் வரை தண்டம் விதிக்கலாம். அல்லது பகற்பொழுதில் மூன்று மணி நேரத்துக்கு மேற்படாது தொழுமரத்தில் மாட்டலாம். தூக்குமரமும் குழியும் போய், மூன்று மணி நேரத் தொழுமரம் மிஞ்சிற்று. அப்போது கிளாமிஸை உடையவர், போர்பாரிற் குத்துண்டு மாண்ட ஏர்லின் தம்பி தோமஸ் என்பவர்.

பின்னர் வந்தோரின் வாழ்வு வேறுவகையானது. தோமஸின் மகன் 1767-ஆம் ஆண்டில் மேரி எலினர் போவ்ஸ் என்னும் பெருஞ்செல்வியை மணந்தார். அதனாற் குடும்பத்தின் பெயர் போவ்ஸ்-லயன் ஆயிற்று. அக்குடும்பத்திலே 1900-ஆம் ஆண்டிற் பிறந்த எலிசபெத், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் மனைவியும், இரண்டாம் எலிசபெத் அரசியின் தாயும் ஆனார். அவருடைய இளைய மகள் இளவரசி மார்கரட் 1930-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21-ஆம் திகதி கிளாமிஸ் கோட்டையிலேயே பிறந்தார். ஒரு காலத்தில் மன்னனுடைய சினத்துக்குத் தன் தலைவியைப் பறிகொடுத்த கோட்டை, நானூறு ஆண்டுகளின் பின் அரச குடும்பத்தின் தாய்வீடாக விளங்கியது.

பரோனி என்னும் சட்டப்பொருள் மட்டும் ஏடுகளில் நெடுங்காலம் உயிர்த்திருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து நாடாளுமன்றம் நிலமானிய முறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. 2004-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் திகதி அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நிலம் வைத்திருந்தோர் மேலாட்சியாளருக்கு ஆண்டுதோறும் செலுத்திய மானிய இறை மறைந்தது. நிலம் அதனை வைத்திருப்போரின் முழுவுடைமையாயிற்று. பரோனின் மன்றத்துக்கு எஞ்சியிருந்த சிறு அதிகாரமும் முற்றாக நீங்கியது. பரோன் என்னும் பட்டத்தைச் சட்டம் அழிக்கவில்லை. ஆனால் அதனை நிலத்திலிருந்து அறுத்துவிட்டது. இன்று ஸ்கொத்லாந்திற் பரோன் பட்டத்தை விலைக்கு வாங்குவோருக்கு ஒரு பிடி மண்ணும் அதனோடு சேர்ந்து வருவதில்லை. ஒரு மனிதனை ஒரு நாழிகை தடுத்து வைக்கும் உரிமையும் வருவதில்லை.

நேயர்களே, தூக்குமரம், குழி, மன்றம், தண்டம், மானிய இறை ஆகிய எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்து, முடிவிலே பெயர் ஒன்றே எஞ்சியது. இதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் சென்றன. கிளாமிஸ் கோட்டைக்கு இன்று செல்வோர் அதன் கோபுரங்களையும் ஓவியங்களையும் கண்டு மகிழ்கின்றனர்; பேய்க்கதைகளையும் கேட்கின்றனர். அங்கே கேட்கவேண்டிய கதை ஜெனட் டக்ளஸின் கதை என்பது என் கருத்து. அவள் பரோனியின் தலைவி. அவள் கணவனின் மன்றமும் தன் தண்டப்பணத்தைத் தானே பெற்ற மன்றந்தான். அதே நீதி பெரிய உருவெடுத்து வந்தபோது, அவளைக் காக்க அவளுடைய பட்டத்தாலும் முடியவில்லை, கோட்டையாலும் முடியவில்லை.

தீர்ப்பினால் ஊதியம் பெறுபவன் தீர்ப்பாளனாய் இருத்தலாகாது. இன்று இது நமக்கு எளிய உண்மையாகத் தோன்றுகின்றது. இதனை ஒரு நாடு கற்றுக்கொள்ள எத்தனை காலம் சென்றது என்பதைக் கிளாமிஸின் வரலாறு எடுத்துரைக்கின்றது. எங்கேனும் ஒரு மன்றம் கூடும்போது, அது ஊர்ச்சபையானாலும் பேரரசின் நீதிமன்றமானாலும், இத்தீர்ப்பினால் நன்மை அடைபவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று.